நாற்பத்தொரு விநாடி

ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த லேப் அம்மாவுக்கு எப்போதடா தடுமாறுவோம் என்றிருந்தது. பாழாய்ப்போன கால் தடுமாறுகிற வழியாகத் தெரியவில்லை. எதிரே ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்த பெண் இருபது விநாடிவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதில் கடிகாரத்தை ஒரு தட்டு தட்டினாள். நாற்பத்தொன்றில் அவள் முழித்த முழியைத் தாங்க முடியாமல் லேப் அம்மா காலைக் கீழே வைத்துவிட்டாள்.

“போன வருஷம் ஒன்பதுதாம்மா நின்னீங்க. வீட்டுல ஏதாவது செய்யறீங்களா?”

“வீட்டு வேலைதான்.”

பொய் சொன்னால் அவளுக்குக் காது சூடாகிவிடும். நல்லவேளையாக, அந்த அறையில் காதை அளக்கும் கருவி எதுவும் இல்லை.

முப்பத்தொரு வருடம் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். லேப் அம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் தெருவில் அதுதான் நிலைத்திருக்கிறது. அவளுடைய அக்கா குளியலறையில் விழுந்து பதினெட்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச்சேர்ந்தாள். அக்கா விழுந்தது வயதினாலா, பத்து வருடமாக நாற்காலியை விட்டு எழாமல் இருந்ததனாலா? மூன்று டாக்டர்களிடம் கேட்டாள். மூன்று பேரும் ஒரே குரலில் “வயசாச்சுல்லம்மா” என்றார்கள். இது ஒரு பதிலா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயதானால் என்ன ஆகிறது, எங்கே ஆகிறது, தள்ளிப்போட முடியுமா முடியாதா? அதனால்தான் மருத்துவமனையின் பின்கட்டடத்தில் முதுமையைப் பற்றி ஆய்வு நடக்கிறது, அறுபது தாண்டியவர்கள் தேவை என்று நோட்டீஸ் பார்த்த அன்றே புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்து பெயர் கொடுத்தாள்.

வந்தவர்களைக் கம்ப்யூட்டர் இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழு தினமும் வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, நுனிக்காலில் உயர்வது, ஒற்றைக் காலில் நிற்பது, நடப்பது. செய்ததை நோட்டில் எழுதி வாராவாரம் கையெழுத்துப் போட வேண்டும். மற்றக் குழுவுக்கு மாதம் ஒரு சொற்பொழிவு மட்டும். பல்லைப் பற்றி, கண்ணைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி. முடிவில் இரண்டு பிஸ்கட். பயிற்சி புருஷனுக்கு விழுந்தது, பிஸ்கட் இவளுக்கு. முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டி, உட்கார்ந்தபடியே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர் அவர். அவரைப் போய் எழுந்து நில்லு என்றால் நடக்கிற காரியமா?

பதினொரு நாள் செய்தார். பன்னிரண்டாம் நாள் முட்டி வலி என்றார். பிறகு செய்தித்தாள், பிறகு மழை, பிறகு சும்மா. “இப்படித்தாங்க, என்னைப் பாருங்க” என்று நாற்காலியிலிருந்து எழுந்து காட்டப் போனவள் பத்து தடவை எழுந்தாள். மறுநாள் தொடை வலித்தது. அந்த வலி எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் இருக்கும், போனால் என்ன ஆகும் என்று பார்க்க மறுநாளும் எழுந்தாள். நோட்டு காலியாகக் கிடந்தது. ஆய்வகத்தில் வாழ்ந்தவளுக்குக் காலிக் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதற்காக இல்லாத எண்ணை எழுதவும் மனசு வராது. ஆகவே இருக்கிற எண்ணை எழுதினாள். எழுந்தது பதினைந்து, நுனிக்கால் இருபது, எல்லாம் உண்மை, எல்லாம் அவளுடையது. அட்டையில் மட்டும் அவர் பெயர். வார முடிவில் நீட்டினால், டிப்போவில் டிரிப் ஷீட்டில் போட்ட மாதிரி அவர் பார்க்காமலேயே கிறுக்கித் தருவார்.

ஒரு குழுவுக்குக் கொடுத்ததை மற்றக் குழு தொடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? வெயிலில் ஒரு செடி, இருட்டில் ஒரு செடி என்று வருடாவருடம் வைத்தவள். இருட்டுச் செடியை எந்தப் பிள்ளையாவது இரக்கப்பட்டு வெளியே எடுத்து வைத்தால் காதைத் திருகியவள். இருந்தும் விட முடியவில்லை. பரண்மேல் இருந்த அண்டாவை ஒருநாள் தானே இறக்கினாள். கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறினாள். அறுபத்தாறு வயதில் உடம்பு ஒரு சொல் கேட்கிறது என்பது எவ்வளவு பெரிய சந்தோஷம்! அதை யாரிடமும் சொல்ல முடியாததுதான் வேதனை.

சந்தோஷத்துக்குள் ஒரு பயமும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து டிரைவர் புருஷன் முன்னால் போவார், இவள் பின்னால் ஓடுவாள். அவருடைய பிடரி இவளுக்கு மனப்பாடம். இந்த ஆறு மாதமாக, திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மூன்று கடை தள்ளி, கடைப்பலகையைப் படிக்கிற பாவனையில் நின்றுகொண்டிருப்பார். அவள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து காத்திருப்பாள். வயதை நிறுத்தப் போய் அவரை எங்கோ விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று அப்போதெல்லாம் தோன்றும்.

இப்போது டிரைவரின் முறை. காலைத் தூக்கினார், கை காற்றைத் துழாவியது, நான்கு விநாடியில் மேசையைப் பிடித்துக்கொண்டார். போன வருடம் ஏழு. அளக்கும் பெண் நோட்டைப் புரட்டினாள், முகம் வாடிப்போய்க் கீழே போனாள், தலைமை டாக்டரை அழைத்துவந்தாள். முதுமையைத் தள்ளிப்போட வழி தேடுகிறவர் ஒரு மாடி ஏறி வந்ததற்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“முன்னூறு நாளுக்கு மேல ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. ஆனாலும் குறைஞ்சிருக்கு. இப்படி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம் சார்,” என்றார் டாக்டர். அவர் கண் மின்னியது. “சிலர் உடம்பு பயிற்சியை ஏத்துக்கறதில்லையோ என்னமோ. ஏன்னு தெரிஞ்சா பெரிய விஷயம். தொடையிலேர்ந்து கொஞ்சூண்டு சதை எடுத்துப் பார்க்கணும். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்போம். சம்மதமா?”

டிரைவர் நோட்டை வாங்கினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். மனைவியின் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். இதோ வெடிக்கப்போகிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கையில், அவர் நோட்டை மூடி டாக்டரிடம் நீட்டினார்.

“எடுத்துக்கங்க சார். கொஞ்சூண்டு சதைதானே.”

ஊசி என்றால் வாசலோடு திரும்பிவிடுகிற மனிதர். அவளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தொடையையே அறுத்துக்கொடுக்கத் தயாராக நிற்கிறார் என்று லேப் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“வேணாம் டாக்டர்,” என்றாள். “அதுல இருக்கறது எல்லாம் நான் செஞ்சது. அவர் செஞ்சது முதல் பதினோரு நாள்தான். எழுதினதும் நான்தான்.”

டாக்டர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நோட்டை முதலிலிருந்து ஒருமுறை புரட்டினார்.

“ஒரே வீட்டுல இருக்கறவங்களை ரெண்டு குழுவுல போட்டது எங்க தப்பும்மா,” என்றார் கடைசியில். “ஆனா ரெண்டு பேரையும் ஆய்வுலேர்ந்து எடுத்துடணும். வேற வழியில்ல.” பிறகு ஆசை விடாமல், “அந்த நாப்பத்தொரு செகண்டாவது நிஜமா?”

“அதுவும் இல்லீங்க. இன்னும் நின்னிருப்பேன். வெக்கமா இருந்துச்சு, காலை வெச்சுட்டேன்.”

அளக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லேப் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப எனக்கு இது பயிற்சியாலதான் வந்துச்சுன்னு சொல்லலாமா டாக்டர்?”

“உங்க ஒருத்தரை வெச்சு எப்படிம்மா சொல்றது?”

“ஆமா. அதுக்குத்தானே ரெண்டு குழு,” என்று அவளே முடித்தாள். அக்காவைப் பற்றிய கேள்விக்கு என்றாவது ஒரு பதில் வரும் என்று காத்திருந்த இடத்தை அவளே கலைத்துவிட்டிருந்தாள். இதற்கு யார் காதைத் திருகுவது?

வெளியே வந்தார்கள். மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் டிரைவர் ஆரம்பித்தார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா செஞ்சிருப்பீங்களா?”

“மாட்டேன்.” நாலு எட்டு நடந்து நின்றார். “முட்டியெல்லாம் வலிக்கலை. பன்னண்டாம் நாள் எந்திரிக்கறப்ப கால் ரெண்டும் நடுங்குச்சு. வண்டியில புதுசா ஒரு சத்தம் வந்தா எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சா வண்டியை நிறுத்திடுவாங்களேன்னு கேக்காத மாதிரி ஓட்டறது. அப்படித்தான் இருந்தேன்.”

அவள் நெருங்கி வந்தாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே அகலச் சாலை. நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்தது, பக்கத்தில் விநாடிகள் இறங்கின. அவர் வேகத்துக்கு அவளும் நடந்தாள். பாதிச் சாலை தாண்டி நடுத்திட்டை அடைவதற்குள் விளக்கு சிவந்தது. இருபுறமும் வண்டிகள் சீறிக்கொண்டு போயின. இருவரும் திட்டில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். டிரைவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ முன்னாடி போ,” என்றார் திடீரென்று.

“எதுக்கு? சேர்ந்தே போலாம் வாங்க.”

“போன்னா போயேன். உன் வேகத்துல போ. நீ அந்தப் பக்கம் ஏறினப்புறம் நான் எத்தனை செகண்டுல வர்றேன்னு பார்த்துச் சொல்லு. எனக்குத் தெரியணும்.”

பச்சை விழுந்தது. அவள் தயங்கி, பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தாள். திரும்பவில்லை. நடைபாதையில் ஏறிய பிறகுதான் திரும்பினாள். நிற்கிற வண்டிகளுக்கு முன்னால் அவர் மட்டும் வந்துகொண்டிருந்தார், எந்தப் பலகையையும் படிக்காமல், ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்த்தபடி. விளக்கில் இன்னும் ஆறு விநாடி என்றிருந்தது. முதல் வரிசையில் நின்ற பஸ்ஸின் ஓட்டுநர் கியரிலிருந்து கையை எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து அவர் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.