அவருடைய முதல் கட்டுரை

கணவரின் சட்டையில் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. விடியற்காலையில் அவர் மூச்சு நின்றதிலிருந்து அது ஓயவேயில்லை. நாத்தனார் எடுத்து, "பத்திரிகை ஆபீஸாம்மா. உன்கிட்டதான் பேசணுமாம்" என்று அவள் காதில் வைத்தாள்.

பேசியவர் கத்திரி. துணை ஆசிரியர். யார் எழுதினாலும் பாதியாக வெட்டிவிடுவார் என்பதால் கணவர் வைத்த பெயர் அது.

"அண்ணி, இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்க. மூணு மணிக்குப் பக்கத்தை முடிக்கணும். அண்ணனோட முதல் கட்டுரையை அப்படியே மறுபடியும் போடறோம்."

எந்தக் கட்டுரை என்று அவள் கேட்கவில்லை.

அப்போது அவர் மாணவர். இரண்டு தாளில் தோற்று, பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் போர்வை பிழிந்து, மாலை வகுப்பில் உட்கார்ந்தபடி தூங்கியவர். அங்கே வேலை பார்த்த பெண்களைப் பற்றி எழுத ஒரு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்திருந்தார். அனுப்ப வேண்டிய வாரம் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். கூடப் படித்தவள் இவள்தான். நோட்டை வாங்கிப் போய், தானே எழுதி, அவர் பெயரைப் போட்டு அனுப்பினாள். அது அச்சில் வந்தது. அதைக் காட்டித்தான் வேலை கிடைத்தது. "அடுத்த வாரம் ஆசிரியர்கிட்ட சொல்லிடறேன்" என்றார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

பிறகு அவர் நன்றாகவே எழுதினார். ஆனால் போன வருடம் வந்த புத்தகத்திலும் அதுதான் முதல் கட்டுரை. முன்னுரையில் அவளுக்கும் ஒரு வரி உண்டு: தட்டச்சு செய்து உதவிய மனைவிக்கு நன்றி. அன்று அவள் சமைக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார், மகராசன்.

"பழைய பேப்பர் மங்கிப்போச்சு அண்ணி. மூணாவது பத்தியில ரெண்டு வரி தெரியல. புத்தகத்தைப் பார்த்துச் சொல்றீங்களா?"

அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு வரியையும் அப்படியே சொன்னாள், காற்புள்ளி உட்பட.

"மனப்பாடமாவே வெச்சிருக்கீங்களே!"

இப்போதே சொல்லிவிடலாம். மூன்றே சொல் போதும். எதிரே நாத்தனார் தம்பியின் காலரை நீவிக்கொண்டே, "படிக்கிறப்போ என்ன பாடு பட்டான் தெரியுமா" என்று யாரிடமோ அழுதாள். அது பொய்யில்லை. அந்தப் போர்வைகளைப் பிழிந்தவர் அவர்தான். அவளுக்குக் கோபமாக இருந்தது, அசதியாகவும் இருந்தது. எது அதிகம் என்று பார்க்கக்கூடத் தெம்பில்லை.

"கடைசிப் பத்தியைப் படிங்க."

கத்திரி படித்தார். 'வெள்ளைத் துணிக்குள் எத்தனை கறுத்த விடியல்கள்!' என்று முடிந்தது.

"அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க."

"அண்ணி! மேடைக்கு மேடை சொல்ற வரி அது. அண்ணன் எழுதினதுல நான் எப்படிக் கை வைக்கிறது?"

"இருபது வயசுல எழுதினது. அனுப்பின அன்னிக்கே எனக்கு உறுத்திச்சு. எடுத்துடுங்க."

முப்பது வருடமாக அடுத்தவர் எழுத்தைப் படித்தே பழகியவர் கத்திரி.

"பேரு..." என்றார் மெதுவாக. "யார் பேரைப் போடட்டும் அண்ணி?"

கணவரின் முகத்தைப் பார்த்தாள். நாத்தனார் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"அவர் பேரே இருக்கட்டும்."

"சரி அண்ணி. வரியை எடுத்துட்டேன்."

"எங்கே, ஒருதரம் படிங்க."

படித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இப்போது கட்டுரை, வேலை முடிந்த பெண்கள் ஊறி வெளுத்த விரல்களோடு பேருந்துக்காக நிற்பதோடு முடிந்தது.