ஐந்து மணிக்குக் கேட்ட குரல்

மல்வேர்னில் அன்று காலை பனிப்புகார் அடைத்துக் கிடந்தது. வரிசை வீடுகளில் கதவுகள் மட்டும்தான் தெரிந்தன, அவையும் அரை மனதோடுதான். டொக்டர் வேரோனிக்கா வீட்டு இலக்கத்தைக் கண்டுபிடிக்க அந்தத் தெருவை இரண்டு தரம் சுற்றினாள்.

அவள் பக்கத்து நகரமான பிக்கரிங்கில் குடும்ப வைத்தியர். யாராவது வீட்டில் திடீரென்று இறந்துபோனால் போய் விசாரிக்கிற கொறனர் வேலையும் பார்க்கிறாள். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எதனால், எந்த விதமாக என்ற ஐந்து கேள்விக்கும் பதில் கண்டு எழுதினால் கடமை முடிந்தது. யாரில் பிழை என்று பார்ப்பது அவள் வேலையில்லை. இதை இங்கே குடியேறிய நம் சனத்துக்கு விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். கொறனர் என்றால் கத்தியோடு வருகிற ஆள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு.

இறந்துபோயிருந்த நவரட்ணம் முன்னறைச் சாய்கதிரையில் கிடந்தார். எழுபத்துநான்கு வயது, பழைய இதய நோயாளி. தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நீல வெளிச்சம் முகத்தில் ஏறி இறங்க, இதோ கண்ணைத் திறந்து தேத்தண்ணி கேட்கப்போகிறார் போலிருந்தது. வாசலில் நின்ற பொலிஸ்காரர்கூட, தூங்குகிறவரை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல மெதுவாகப் பேசினார். வேரோனிக்கா தாடையைத் தொட்டாள், முழங்கையை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. கால்களும் விறைத்திருந்தன. காயம் ஒன்றும் இல்லை.

மனைவி தவமணி குசினி மேசையில் இருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

"அறுக்கப் போறியளோ, பிள்ளை?"

"தேவையில்லை அன்ரி. அவற்ரை வருத்தம் தெரிஞ்சதுதானே. கடைசியா எப்ப கதைச்சவர்?"

"பத்தரைக்கு நான் மேல படுக்கப் போனனான். அவருக்குப் படுத்தா மூச்சு முட்டும், அதாலை கதிரையிலதான் நித்திரை." கொஞ்சம் நிறுத்தினார். "பிறகு ஐஞ்சு மணிக்குக் கூப்பிட்டவர்."

வேரோனிக்காவின் பேனை நின்றது.

"'இஞ்சேரப்பா' எண்டு, என்னை எப்பவும் கூப்பிடுற மாதிரி. நல்லாக் கேட்டது. மணிக்கூட்டையும் பாத்தனான். தண்ணிக்காக்கும் எண்டு நினைச்சு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டன். ஆறரைக்கு இறங்கி வந்து பாத்தா..." வேரோனிக்காவின் கையை இறுக்கிப் பிடித்தார். "அப்பவே எழும்பிப் போயிருந்தா மனுசன் இருந்திருப்பார், என்ன? மறைக்காமச் சொல்லுங்கோ."

வேரோனிக்காவுக்கு நெஞ்சு லேசானது. அவள் சொல்கிற உண்மை அநேகமாக வீட்டாரைக் குத்திக் கிழிக்கும். இன்றைக்குத்தான் அதிசயமாக உண்மையே மருந்தாக வாய்த்திருக்கிறது.

"அன்ரி, உங்களைத் தேத்துறதுக்குச் சொல்லேல்லை. இப்ப எட்டரை. உடம்பு இவ்வளவு விறைக்கக் கனநேரம் வேணும். சரியான நிமிசம் சொல்லேலாது, ஆனா ரெண்டு மணிக்கு முதலே போயிட்டார். ஐஞ்சு மணிக்கு நீங்கள் கேட்டது கனவு. உங்களில ஒரு பிழையுமில்லை."

யன்னலுக்கு வெளியே ஒரு பஸ்ஸின் வெளிச்சம் புகாருக்குள் மிதந்து போனது. சத்தமே வரவில்லை. தான் விழித்துத்தான் இருக்கிறேனா என்று வேரோனிக்காவுக்கே சந்தேகமாகிவிட்டது.

"ரெண்டு மணிக்கு முதலோ?"

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப செத்தாப்பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்."

கனவு எப்படி வருகிறது என்று விளக்க வேரோனிக்கா வாயைத் திறந்தாள். பிறகு பேனையை மூடிப் பைக்குள் போட்டாள். படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு வசனத்துக்கு முன்னால் என்னத்துக்கு ஆகும்?

"இனி அவரைத் தொடலாமோ, பிள்ளை? பொலிஸ் கிட்டப் போகவேண்டாம் எண்டவை."

"தொடலாம் அன்ரி. என்ரை வேலை முடிஞ்சுது."

தவமணி எழுந்து முன்னறைக்குப் போனார். சாய்கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து, விறைத்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அழுகை வந்தது.

"என்னப்பா?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "என்ன வேணுமெண்டு கூப்பிட்டனீங்கள்?"