தேய்ந்த தட்டுக்குப் புதுப் பெயிண்ட்

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஹனீபாவின் பட்டறையில், ஜெகதீஸ்வரியின் பழைய நீலக் கார் முன்சக்கரங்கள் இல்லாமல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. சனிக்கிழமை காலை. வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க அவளே வந்திருந்தாள்.

பாலிக் பூலாவில் வீடு, பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை. தினமும் மலைச்சாலையில் ஏறி இறங்க வேண்டும். கூட வேலை செய்யும் மூன்று பெண்களும் அவள் காரில்தான் வருவார்கள். போன மாதம் மழை பெய்த ஒரு காலையில், இறக்கத்தில் பாதி வழியிலேயே பிரேக் சூடேறிப் பிடிமானம் விட்டுப்போனது. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, ஒரு பாறையோரமாகக் காரை நிறுத்தினாள். பின்சீட்டில் இருந்த மோகனா அன்று வேலைக்குப் போகவே இல்லை. அதன் பிறகுதான் முன்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடுவதென்று முடிவு செய்தாள்.

"சாமான் வந்துருச்சு தங்கச்சி. ஒரிஜினல் செட்டு, பொட்டியோட," என்றார் ஹனீபா.

ஜெகதீஸ்வரி தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். பதினேழு வருடமாக, தவறான உதிரியைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லும் வேலை. பெட்டியில் இருந்த டிஸ்க் தட்டின் விளிம்பில் குறைந்தபட்சக் கனம் பத்து மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒன்பதுதான் இருந்தது. நகத்தால் சுரண்டினாள். புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய துரு. பிரேக் பேடின் ஓரத்தை அழுத்தினாள். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"அண்ணே, இது புதுசு இல்ல. யாரோ ஓட்டித் தேஞ்ச தட்டை மெஷின்ல கடைஞ்சு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பேடு சுத்தப் போலி."

"அரை மில்லி, ஒரு மில்லிக்கெல்லாம் ஒன்னும் ஆவாது லா. எல்லாரும் இதான் போடுறாங்க."

"பிரேக்குக்கு எண்ணெய் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் புதுசா?"

"பழசே போதும்."

"டிரம் பிரேக்குக்குன்னு செஞ்ச சிலிண்டர் அது. அதுக்குள்ள இருக்குற வால்வு அழுத்தத்தை விடாமப் புடிச்சி வெச்சிக்கும். காலை எடுத்தாலும் பேடு தட்டை விடாது. மலை இறங்குறதுக்குள்ள வெந்துரும். உங்களுக்குத் தெரியாதா?"

ஹனீபாவுக்குத் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும். அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஜுருவிலிருந்து உதிரி பாகங்கள் கொண்டுவந்து போடும் வாசு, வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, "அக்கா, ரொம்பப் படிச்சிட்டு வராதீங்க லா. முறா வேணும்னா இதான் கிடைக்கும்," என்றான்.

"நான் எப்ப மலிவா கேட்டேன்? நல்லது கேட்டேன். நல்லதுக்குத்தான் வெல சொன்னீங்க," என்று ஹனீபா பக்கம் திரும்பினாள்.

பட்டறை மூலையில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. அதன் அருகில் பிரித்த பெட்டி. ஜெகதீஸ்வரி போய் அதிலிருந்த தட்டை எடுத்து அளந்தாள். சரியான கனம். பேடு கல்லாக இருந்தது.

"இது யாரு காரு?"

ஹனீபா குனிந்து தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தார்.

"அது ஹாஜரா அக்கா காரு, நம்ம அண்ணன் சம்சாரம்," என்றான் வாசு, விபரீதம் புரியாமல்.

ஜெகதீஸ்வரி தட்டைப் பெட்டியில் வைத்தாள். குரல் உயரவில்லை.

"உங்க சம்சாரத்துக்கு ஒன்னு, எங்களுக்கு ஒன்னா அண்ணே? என் காருல நாலு பொம்பளைங்க வர்றோம். எங்க வீட்டுலயும் ஆளுங்க காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இந்த மாதிரி இன்னும் எத்தன காருக்கு மாட்டி வெச்சிருக்கீங்க?"

ஹனீபா அந்த வெள்ளைக் காரைத் திரும்பிப் பார்த்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. பிறகு போலித் தட்டுகள் இரண்டையும் தூக்கி இடுக்கியில் மாட்டினார். வெட்டும் இயந்திரத்தை எடுத்து ஓடவிட்டார். தீப்பொறி பறந்தது.

"அண்ணே, பைத்தியமா? வேற ஆளுக்கு விக்கலாம் லா!" என்று கத்தினான் வாசு.

"அதுக்குத்தான்டா வெட்டுறேன். நான் காசு கொடுத்து வாங்குன சாமான். வேற எவன் காருக்கும் இது போகாது."

"ஜுருவுல ஒரு கடையிலயும் உங்களுக்குச் சாமான் கிடைக்காது. நான் சொல்லி வெக்கிறேன்."

"போய்ச் சொல்லு. எதுக்கு ஹனீபா வாங்க மாட்டேங்கிறான்னு கேப்பாங்க. அதையும் சேர்த்துச் சொல்லு. இப்ப வேனை எடு!"

வாசு போனதும் அவர் பழைய நோட்டைத் திறந்தார். அதே மாதிரி போலிச் சாமான் போட்ட கார்கள் ஏழு. ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். இன்னொருவர் புகார் கொடுப்பேன் என்றார். "குடுங்க. நான் செஞ்சது தப்புதான். ஆனா காரை மட்டும் ஓட்டாதீங்க, நானே வந்து இழுத்துட்டு வர்றேன்," என்றார் ஹனீபா.

ஜெகதீஸ்வரியின் காருக்கு நல்ல சாமான் கோலாலம்பூரிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. சரியான தட்டு, அதற்குப் பொருந்தும், பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர், டிஸ்க்குக்கு உரிய மாஸ்டர் சிலிண்டர், புது ரப்பர் குழாய்கள். ஒவ்வொன்றையும் அவள் அளந்த பிறகே மாட்டினார். அவள் அளக்கட்டும் என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

ஏழு பேரில் கடைசியாக, ஹனீபா இழுத்து வந்த தன் காரோடு கூடவே வந்தவர் பக்கிரிசாமி. சாவியைக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று சத்தம் போட்டார்.

"ஊரு முழுக்க உன் பேரு நாறிப்போச்சு, எனக்கும் காரில்லாம அலைச்சல். வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா அண்ணே," என்றார் ஹனீபா. அவர் தலை குனியவில்லை. "போலியச் செய்யிறவன் எங்கயோ இருக்கான். தெரிஞ்சே மாட்டுறதுக்கு என்னை மாதிரி ஒருத்தன் இருக்கறதாலதான் அவன் பொழைக்கிறான். நம்ம வீட்டு ஆளை நம்பி ஏத்தி அனுப்ப முடியாத காரை, அடுத்தவனுக்குச் செஞ்சு குடுக்கிறது வியாபாரம் இல்ல, கொலை. பேரு நாறட்டும். இனிமே அந்தக் கொலைய நான் செய்ய மாட்டேன், என் கண்ணு முன்னால செய்யவும் விட மாட்டேன்."