பள்ளத்துக் கடை

மூன்று நீர்த்தேக்கங்களைச் சுற்றிக் குன்றுகளில் ஏறி இறங்கும் சைக்கிள் பாதை வரப்போகிறது என்று காதில் விழுந்த அன்றே, அப்பா விட்டுப்போன இரண்டு துண்டு நிலத்தைப் பங்கு போடத் தம்பிக்காரன் அக்காவைக் கூப்பிட்டான். ஒன்று இரண்டு குன்றுகளுக்கு நடுவே, பள்ளத்தில், தண்ணீரைப் பார்த்தபடி. இன்னொன்று அந்தக் குன்றுகளில் ஒன்றின் உச்சியில், கல்லும் காற்றும் மட்டும் விளைகிற மொட்டை இடம்.

“மேல இருக்கறதை நீ எடுத்துக்கோக்கா. நல்ல காத்து, உடம்புக்கு ஆகும்.”

“உன் மாமா போனப்புறம் ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் காத்தையாடா திங்கறது?”

“மொதல்ல கையெழுத்தைப் போடு. அப்புறம் பார்த்துக்கலாம்.”

அப்புறம் என்பது அவன் நாள்காட்டியில் அச்சடிக்காத தேதி.

கடை வாசலில் வளர்ந்தவன். வருகிறவனின் செருப்பைப் பார்த்தே என்ன வாங்குவான் என்று சொல்லிவிடுவான். தண்ணீரைக் கண்டால் மனுஷன் நிற்பான், நின்றால் தாகம் எடுக்கும் என்று முடிவு கட்டி, பள்ளத்தில் டீயும் சோடாவும் காற்றுப் பம்பும் வைத்து, தண்ணீரைப் பார்த்து பெஞ்சும் போட்டான். ஒன்றே ஒன்றைத்தான் அவன் செய்து பார்க்கவில்லை. கால் முளைத்த நாளிலிருந்து வேனில் போகிறவன், அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்ததில்லை.

பாதை திறந்தது. சரிவில் இறங்கியவர்கள் விர்ரென்று அவன் பெஞ்சைக் கடந்து எதிர்மேட்டில் பாய்ந்தார்கள். அந்த வேகத்தை விட்டால் பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். யார் பிரேக் பிடிப்பார்கள்? மேட்டைக் கண்டு மலைத்த ஒன்றிரண்டு பேர் மட்டும் நின்றார்கள். மற்றவர்கள் உச்சியில், அக்கா போட்டிருந்த தகரக் கூரைக் கடையில், நாக்குத் தள்ளிப்போய் விழுந்தார்கள். வெந்நீர் கொடுத்தாலும் வாழ்த்திவிட்டுக் குடித்திருப்பார்கள்.

குற்றம் எல்லாரையும் ஒரே திசையில் சுற்ற விடும் அம்புக்குறியில் என்று தம்பிக்காரனுக்குத் தோன்றியது. பாதை அலுவலகத்துக்கு ஆறு மாதம் நடந்தான். சுற்றும் திசையை மாற்ற வேண்டுமானால் வழியில் கடை வைத்திருக்கும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்றார் அதிகாரி. அக்கா ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். பாவம், ஏமாளி என்று வரும் வழியெல்லாம் சிரித்தான்.

அம்புகள் திரும்பின. இப்போது அக்கா குன்றிலிருந்து, அவள் கடையில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, அதே வேகத்தில் இறங்கினார்கள். முன்பு நின்ற ஒன்றிரண்டு பேரும் நிற்கவில்லை.

ஒரு காலையில் வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு, தான் திருப்பி வைத்த அம்புகளுக்கு எதிராகவே மேட்டில் ஏறினான். எதிரே வந்தவர்கள் எல்லாம் திட்டினார்கள். உச்சிக்குப் போய் அக்காவின் பெஞ்சில் சாய்ந்தபோது மூச்சுக்கும் வாய்க்கும் சண்டை. அக்கா தண்ணீர் வைத்தாள்.

“கையெழுத்துப் போடறப்பவே உனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாமயா? எந்தப் பக்கமா வந்தாலும் இங்க ஏறித்தானே வரணும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீ கையெழுத்துதானே கேட்ட.”

தம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். “கீழ கடையை மூடிடறேன். ரெண்டு பேருமா சேர்ந்து இதைப் பெருசு பண்ணலாம். எனக்கு வியாபாரம் தெரியும்க்கா.”

மறுபக்க ஏற்றத்தில் மூன்று பேர் இளைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அக்கா பெஞ்சைத் துடைக்கத் துணியை எடுத்தாள்.

“எந்திரிடா. ஏறி வந்தவங்க உக்காரட்டும்.”

நானுந்தானே ஏறி வந்தேன் என்று வாய்வரை வந்தது. எழுந்துகொண்டான்.