மஞ்சளைத் தின்ற ஃபில்டர்

நடேஷ் எந்தக் கல்யாண வீடியோவையும் புதிய பைலில் தொடங்க மாட்டான். ஆறு வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாகச் செய்த கல்யாணத்தின் பைலைத் திறந்து, அதற்கு வேறு பெயர் வைத்துச் சேமித்து, பழைய காட்சிகளை அழித்துவிட்டுப் புதியவற்றைப் போடுவான். ஆரம்பத்தில் வைத்த பிள்ளையார் சுழி மட்டும் அப்படியே இருக்கும். அது கைதவறி நகர்ந்துவிடக் கூடாது என்று எடிட்டிங் திரையில் அது கிடக்கும் வரிசையையே பூட்டிவைத்திருந்தான். அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் சிதம்பரம் மேல வீதி மாடியிலிருந்த அவனுடைய ஸ்டுடியோவுக்கு ஆள் வர ஆரம்பித்தது. இப்படியொரு ராசியான பைல் இருக்கும்போது வெறும் பைலைத் திறக்க அவனுக்கு என்ன பைத்தியமா?

கடலூர்க் கல்யாணத்தையும் அந்தப் பைலில்தான் செய்தான். மாப்பிள்ளை செந்தமிழ்செல்வனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பெண் அருள்மொழி மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. வியாழக்கிழமை இரண்டு நிமிஷ டிரெய்லரை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பொண்ணு நல்ல கலரா இருக்குதே என்று இரு பக்கத்துச் சொந்தமும் வாயைப் பிளந்தது. சாயங்காலத்துக்குள் யாரோ ஒரு புண்ணியவான் தாலி கட்டும் இடத்தில் வீடியோவை நிறுத்திப் பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா மாரியம்மாள் போன் செய்தாள்.

"தம்பி, கடலூர்லேருந்து செந்தமிழ் அம்மா பேசறன். தாலிக் கயிறு ஏன் வெள்ளையா இருக்குது?"

நடேஷ் பார்த்தான். வெள்ளையாகத்தான் இருந்தது. மூன்று முடிச்சும் பளிச்சென்று தெரிய, மஞ்சளின் சுவடே இல்லாத கயிறு.

"நான் ஒண்ணும் பண்ணலீங்கம்மா. சாப்ட்வேர்ல அது தானா வந்துருக்கு. ஆட்டோமேட்டிக்."

"தானாவா?"

"ஆமாங்க. நான் கையே வெக்கல."

மாரியம்மாள் போனை வைத்துவிட்டாள். பழி தன் தலையில் விழாமல் தப்பியது என்று நடேஷ் நிம்மதியாகக் காபி குடித்தான்.

மறுநாள் அருள்மொழியே பேசினாள்.

"அண்ணே, என்ன எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. யாரும் கைய வெக்காம தானா வெளுத்துதுன்னா அது சகுனந்தான்னு அத்த சொல்றாங்க. அவுரு புதன்கெழம கப்பலுக்குப் போறாரு. போற வரைக்கும் நான் அவுரு கண்ணுல படக்கூடாதாம். போனா ஒம்பது மாசம்ணே."

"மாப்ள என்னம்மா சொல்றாரு?"

"அவுங்க அம்மா பேச்சத் தட்ட மாட்டாரு." அவள் அழவில்லை. "என் கழுத்துல இருக்கற கயிறு மஞ்சளாத்தாண்ணே இருக்குது. அத ஒருத்தரும் பாக்க மாட்டன்றாங்க."

நடேஷுக்குக் கூசிப்போயிற்று. தன் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள வாயில் வந்ததைச் சொன்னான். அது ஒரு பெண்ணைப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டது.

கயிற்றுக்கு மட்டும் மஞ்சள் அடித்துக் கொடுப்பது பத்து நிமிஷ வேலை. ஆனால் மாரியம்மாள் அதை நம்புகிற ஆள் இல்லை. நீ பூசிக் கொண்டுவந்தாய் என்று சொல்லிவிடுவாள். வெள்ளை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தான். கேமராவில் எடுத்ததை நேராகப் போட்டுப் பார்த்தால் கயிறு மஞ்சள். எடிட்டிங்கில் கொண்டுவந்து போட்டால் வெள்ளை. தானாக நிறத்தைச் சரிசெய்யும் வசதியை அணைத்தான். வெள்ளைதான். செட்டிங்ஸ் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினான். அப்போதும் வெள்ளைதான். சாப்ட்வேரையே கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினான். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு காதுகுத்துக் காட்சியைக் கொண்டுவந்து சோதித்தான். மாமன் மடியில் உட்கார்ந்து அலறிய குழந்தையின் மஞ்சள் சட்டையும் வெளுத்துப்போனது. யாருடைய சாபமோ என்று அவனுக்கே ஒரு கணம் தோன்றியது.

திங்கட்கிழமை, கீழே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உத்திராபதியை மேலே கூட்டிவந்தான். உத்திராபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புதுசா ஒரு பைல் தொறந்து அதுல போட்டுப் பாத்தியா மச்சான்?" என்றான்.

"அதெல்லாம் நான் தொறக்க மாட்டேன்."

"ஏன்?"

"ராசி."

உத்திராபதி அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அவனிடம் கேட்காமலே மௌஸைப் பிடுங்கிப் புதிய பைலைத் திறந்து அந்தக் காட்சியைப் போட்டான். கயிறு மஞ்சளாக இருந்தது. அரைத்த மஞ்சளின் ஈரம்கூடத் தெரிந்தது.

கோளாறு சாப்ட்வேரில் இல்லை. ராசியான பைலில்தான் இருந்தது. பூட்டிய வரிசையைத் திறந்து பார்த்தார்கள். பிள்ளையார் சுழிக்குப் பின்னாலேயே, காட்சி எதுவும் இல்லாத ஓர் அடுக்கு நான்கு மணி நேர நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. அதன் மேல் ஒரு ஃபில்டர், கீழே எந்தக் காட்சியைப் போட்டாலும் அதன் மஞ்சளைக் குறைப்பதற்கு. பார்த்ததும் நடேஷுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த முதல் கல்யாண மண்டபத்தில் பழைய குண்டு பல்புகள். பெண் மாப்பிள்ளையிலிருந்து ஐயர் வரைக்கும் எல்லோரும் காமாலைக்காரர்களைப் போல் தெரிந்தார்கள். அவனேதான் மஞ்சளை இழுத்துக் குறைத்தான். ஒருமுறை போட்டது ஆறு வருஷமாகக் கல்யாணத்துக்குக் கல்யாணம் கூடவே வந்திருக்கிறது. மஞ்சள் விளக்கு மண்டபங்களில் அது வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தது. கடலூர் மண்டபத்தில் எல்லாம் புது வெள்ளை விளக்கு. தின்பதற்கு வேறு மஞ்சள் கிடைக்காமல் தாலிக் கயிற்றைத் தின்றுவிட்டது.

"உன் ராசி வேல செஞ்சிருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டு உத்திராபதி கீழே இறங்கிப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நடேஷ் கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். ஆலப்பாக்கம் வருவதற்குள் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துவிட்டான். புது அப்டேட்டில் வந்த கோளாறு, கம்பெனியில் சொல்லிச் சரிசெய்தாகிவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லாத பொய்.

மாரியம்மாள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மகன் அறை வாசலில் நின்றான். பின்னால் கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டி பாதி திறந்து கிடந்தது. தாலி கட்டும் இடம் வந்தது. கயிறு மஞ்சளாக இருந்தது.

"பூசிக் கொண்ணாந்தியா?"

"இல்லீங்கம்மா. கேமராவுல எடுத்ததே இப்படித்தான் இருக்கு."

"அப்ப அன்னிக்கித் தானா வெளுத்தது நெசந்தான?"

நடேஷ் தயார் செய்துவைத்திருந்த பொய் இனி உதவாது. அப்டேட் என்றாலும், கம்பெனி என்றாலும், இவள் காதில் தானாக என்றுதான் விழும். அந்தப் பெண் மேல்பட்டாம்பாக்கத்திலேயே கிடப்பாள். அவன் அறை வாசலில் நின்றவனைப் பார்த்தான். செந்தமிழ்செல்வன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தானா வெளுக்கலம்மா. நான்தான் வெளுக்க வெச்சன்."

எல்லாவற்றையும் சொன்னான். குண்டு பல்பு, பூட்டிய வரிசை, ஆறு வருஷம் என்று எதையும் விடவில்லை. ஒரே பைலை ஏன் கட்டிக்கொண்டு அழுதாய் என்று கேட்டாள். ராசி என்றான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"அப்ப ஏன் தானா வந்துதுன்னு சொன்ன?"

"எம்மேல பழி வரக் கூடாதுன்னு சொன்னங்கம்மா."

"நீ தப்பிச்சிக்க எம் மருமவள வெளிய நிக்க வெச்சியா?" அவளை வெளியே அனுப்பியது வேறு யாரோ என்பதுபோல் கேட்டாள். திட்டு கால்மணி நேரம் போயிற்று. அவன் தொழில், அவன் புத்தி, அவனை வளர்த்த விதம் எல்லாம் அதில் வந்தன. வெளிக் கேட்டருகே பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். தன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அந்த வேலையை அவன் நம்பியிருந்தான்.

பிறகு போனை எடுத்தாள்.

"அருளு, அத்த பேசறன். அது தானா ஒண்ணும் ஆவலியாம். வீடியோக்காரன் பண்ண கூத்தாம். பஸ்ஸு புடிச்சி வெரசா வா, நாளைக்கி அவன் கெளம்பறான்."

செந்தமிழ்செல்வன் அதற்குள் பைக் சாவியைக் கையில் எடுத்திருந்தான். "பஸ்ஸு வாணாம்னு சொல்லும்மா, நான் போயி கூட்டியாறேன்" என்றான். நடேஷுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது மணி மூன்றே முக்கால். மாட்டியிருந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ராசியான பைலை அழித்தான். மங்கலம்பேட்டைக் கல்யாணம் ஒன்று காத்திருந்தது. புதிய பைல் என்ற இடத்தில் மௌஸை வைத்தான். கண் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனது. செவ்வாய்க்கிழமை, மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம்.

கையை எடுத்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினான்.