சுவருக்குள் போன முனை

1

இப்போதெல்லாம் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் ஒருத்தரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தரையைப் பார்க்கிறார்கள். டைல்ஸ் இருக்கிறதா, போன் சார்ஜ் போட எத்தனை இடம், வண்டி நிறுத்தலாமா, அவ்வளவுதான். தலைக்கு மேல் நிற்பது எது, எத்தனை வருசமாக நிற்கிறது என்று கேட்க வாய் வராது. படிக்கிறவர்களும் அப்படித்தான். எழுதினவன் யார், அவன் பேச்சை நம்பலாமா என்று கேட்காமலே உள்ளே வந்துவிட்டீர்கள்.

நானே சொல்கிறேன். பெயர் கரியப்பன். ஐந்தாவதோடு நின்றவன். ஓசூரில் தேன்கனிக்கோட்டை ரோட்டோரம் பழைய கட்டிட சாமான் கடை வைத்திருக்கிறேன். வீடு இடிக்கிற இடத்தில் கதவு, ஜன்னல், உத்திரம், கழற்றிய டைல்ஸ் எல்லாம் வாங்கிவந்து விற்பேன். கடைக்கு ஆள் வராத நேரத்தில் எழுதிப் பழகினேன்.

இந்தக் கதை வந்தது தேன்கனிக்கோட்டையில் லட்சுமியம்மாள் வீட்டு உத்திரத்திலிருந்து. அதைத் தட்டிப் பார்த்து நல்லாயிருக்கிறது என்று நான் சொன்னேன். சொன்னது தப்பு. மீதியெல்லாம் அந்தத் தப்பை எப்படி எழுதுவது என்று நான் பட்ட பாடு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை ஓய்ந்திருந்தது. பழைய வீட்டின் சுவர்கள் அழுதுகொண்டு—"

சுவர் அழாது. தண்ணீரைக் குடிக்கும், உப்பைக் கக்கும். கிழித்துப் போட்டேன்.

அடுத்து: "லட்சுமியம்மாள் ஈவிரக்கமில்லாத ஒரு வீட்டுக்காரி. அவளுக்கு—"

இதுவும் ஆகாது. புருசன் போனபின் பாதி வீட்டில் தான் இருந்துகொண்டு, மீதியை வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிறாள். வாய் நீளம், அவ்வளவுதான். அவளைக் கெட்டவளாக எழுதினால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். நானும் தப்பித்துக்கொள்வேன்.

3

நடந்ததை எழுதுகிறேன். உத்திரத்தைப் பார்க்கச் சொல்லி லட்சுமியம்மாள் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

வாடகைக்கு இருப்பது தில்ஷாத். அவள் புருசன் அஜாஸ் ஓசூர் கம்பெனி ஒன்றில் ஷிப்டு வேலை. ஏழு மாதக் குழந்தை, ஸோயா. உத்திரத்தின் நடுவில் புடவையால் தூளி கட்டி அதில் போட்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு ஒரே பொலம்பல் கரியப்பண்ணே," என்றாள் லட்சுமியம்மாள். "மேலேர்ந்து தூள் விழுதாம். பழைய வீடுன்னா தூள்தான் விழும். தங்கமா விழும்?"

"தூளுன்னா தொடைச்சுக்குவேன் தாத்தா," என்றாள் தில்ஷாத். "இது ஈரமா விழுது. காப்பி வடிகட்டுன சக்கை மாதிரி."

முக்காலி போட்டு ஏறினேன். சுத்தியல் பிடியால் நடுவில் மூன்று இடத்தில் தட்டினேன். கணீர் கணீர் என்றது. நாட்டுத் தேக்கு.

"ஓரத்துல தட்டலியே தாத்தா."

"ஓரத்துல சிமெண்டு பூசியிருக்குதும்மா. மரம் தெரியல."

"மரம் தெரியாத எடத்துலதானே தூள் விழுது?"

"அந்தாளுக்கே நீ தொழில் சொல்லித்தர்றியா?" என்றாள் லட்சுமியம்மாள். "நீ பொறக்கறதுக்கு முந்தியிருந்தே மரத்தத் தட்டிக்கினு இருக்கறாரு."

"இன்னும் பத்து வருசம் நிக்கும்," என்றேன். "தாராளமா தூளி கட்டு."

டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

4

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

மரம் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் போகிற முனையில்தான் கெடும். வெளியே இருப்பது காற்றைப் பார்க்கும், நனைந்தாலும் காயும். சுவருக்குள் அடைபட்டது காயாது. உள்ளேயே மக்கும், மேல் தோல் மட்டும் மரம் மாதிரி நிற்கும். பழைய உத்திரம் கடைக்கு வந்தால் இரண்டு முனையிலும் ஒரு முழம் அறுத்து அடுப்புக்குப் போட்ட பிறகே நாங்கள் நீளம் அளப்போம். எங்கள் தொழிலில் இது தெரியாதவன் கிடையாது.

லட்சுமியம்மாள் வீட்டுச் சுவர் கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிச் சுண்ணாம்பு பூசியது. அப்படிப்பட்ட சுவர் மழையில் தண்ணீர் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். போன வருசம் யாரோ சொல்லி, அதன்மேல் மார் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேலே சிமெண்டும் பூசிவிட்டாள். குடித்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. ஏறிக்கொண்டே போய் உத்திரத்தின் முனையில் சேர்ந்தது.

[யாரோ இல்லை, நான்தான். மூன்று தடவை எழுதியும் 'யாரோ' என்றே வந்தது. பைபாஸுக்காக இடித்த ஒரு கடையின் டைல்ஸ் என்னிடம் தேங்கிக் கிடந்தது. "டைல்ஸ் இருந்தாத்தான் கம்பெனிக்காரங்க குடிவருவாங்க, ஒட்டிக்கோம்மா" என்று அவள் தலையில் கட்டினேன். உத்திரத்தின் ஓரத்தை நான் ஏன் தட்டவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.]

5

நான்காம் நாள் திரும்பப் போனேன். மனசாட்சி என்று எழுதினேன். அந்தச் சொல்லை நான் பேச்சில் வைத்துக்கொள்வதே இல்லை. சோறு இறங்கவில்லை, போனேன்.

உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்து ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். வாழைத்தண்டில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் போயிற்று. வெளியே இழுத்தால் கறுப்புச் சேறு, காளான் வாசம். தில்ஷாத் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது என் விரலைப் பிடித்து வாயில் வைத்தது.

"லட்சுமிம்மா, முனை போயிடுச்சு. கூரையை எறக்கணும்."

"நாலு நாள் முன்ன பத்து வருசம் நிக்கும்னே. நாலே நாள்ல பத்து வருசம் ஆயிடுச்சா?"

"அன்னைக்கு நான் சரியா பாக்கல."

"பாத்தே. நல்லாவே பாத்தே. தேக்கு மேல கண்ணு வெச்சிட்டே. வூட்ட எறக்க வெச்சு உன் வண்டியில ஏத்திக்கினு போலாம்னு பாக்கறே. அதுக்கு இந்தப் புள்ளய பயமுறுத்தறே."

இதற்கு என்ன பதில் எழுதுவது? நடுத்துண்டு ஒன்பதடி, ஒரு வெடிப்பு கிடையாது. முதல் நாள் தட்டின அன்றைக்கே, அறுத்தால் எத்தனை கதவு வரும் என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துவிட்டேன். அவள் என்னை நம்பாததில் குற்றம் இல்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

தில்ஷாத்திடம் திரும்பி, "நீங்களாவது வேற வீடு பாத்துக்குங்கம்மா," என்றேன்.

"எட்டு வீடு பாத்துட்டோம் தாத்தா. பேரு கேக்கறாங்க. சொன்னதும், இப்பத்தான் வேறொருத்தருக்குப் பேசி முடிச்சோம்ன்றாங்க. இந்தம்மா ஒருத்திதான் பேரு கேக்காம சாவியக் குடுத்தாங்க."

"கேட்டுட்டு என்னா பண்றது," என்றாள் லட்சுமியம்மாள். "என் வாயில நொழையப் போவுதா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். கதையில் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) உத்திரம் விழுகிறது. பேப்பரில் வருகிறது. நீங்கள் அச்சச்சோ என்றுவிட்டு அடுத்த பக்கம் போகிறீர்கள். இதை எழுத என் கை ஓடவில்லை.

(ஆ) லட்சுமியம்மாள் மனம் மாறிக் கூரையை இறக்கித் தகர ஷீட் போடுகிறாள், எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். இத்தனை வருசத்தில் என் பேச்சைக் கேட்டு ஒருத்தரும் கூரை மாற்றினது கிடையாது.

(இ) வீடு இறங்குகிறது. தேக்கு என் கடைக்கு வருகிறது. அவர்கள் ஒன்பதாவது வீடு தேடிப் போகிறார்கள். இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.

7

மறுநாள் காலை கான்கிரீட் போடும்போது கொடுக்கிற இரும்பு முட்டு ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுபோனேன். சும்மா வருகிறது என்பதால் லட்சுமியம்மாள் விட்டாள். தூளியை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, மேலும் கீழும் பலகை கொடுத்து, முனைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அஜாஸ் பிடித்துக்கொள்ள நான் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். கீழே ஒரு டைல்ஸ் 'டிக்' என்று விரிசல் விட்டது. அதுவும் நான் விற்றதுதான்.

"முட்டு குடுத்தாச்சு. இனிமே பயமில்லையே தாத்தா?" என்றான் அஜாஸ். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பதில் வருவதற்குள் ஓடிவிட்டான்.

இந்தப் பக்கத்து முனையை முட்டு தாங்குகிறது, தாங்கினால். அந்தப் பக்கத்து முனை லட்சுமியம்மாளின் சமையலறைச் சுவருக்குள் போகிறது. அங்கேயும் அதே டைல்ஸ். அங்கே கொத்திப் பார்க்க அவள் விடவில்லை. "ஒரு ஓட்டை போதும், கெளம்பு," என்றுவிட்டாள்.

தில்ஷாத் குழந்தையோடு நின்றாள். அவிழ்த்த புடவை அவள் தோளில் கிடந்தது.

"இப்ப கட்டலாமா தாத்தா? தரையில போட்டா தூங்க மாட்டேங்குது."

கட்டு என்று சொன்னதாக ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். கட்டாதே என்று சொன்னதாக இன்னொன்றில். இரண்டுமே நான் சொல்லவில்லை.

"தெரியாதும்மா," என்றேன்.

"தெரியாதுன்றதுக்கா ரெண்டு நாளா என் வூட்ட நோண்டுனே?" என்றாள் லட்சுமியம்மாள்.

ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். நாலு வீடு தாண்டுவதற்குள் பின்னால் முக்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. லட்சுமியம்மாள் உட்கார இழுத்திருக்கலாம். அந்தப் பெண் தூளி கட்ட ஏறி நிற்கவும் இழுத்திருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் போய்ப் பாருங்கள், வீடு அங்கேதான் நிற்கிறது. முட்டு தாங்கும் என்று எனக்கே நம்பிக்கை வராதபோது உங்களுக்கு எங்கிருந்து கொண்டுவருவேன்? பையைத் தோள் மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.