டெல்மரின் பின் ஸ்பிரிங்

மனிதகுலத்தின் வீழ்ச்சி சுருள் ஸ்பிரிங்கில்தான் தொடங்கியது என்று ஒரு சனிக்கிழமை காலை, பேக்கர்ஸ்ஃபீல்டு டோனட் கடை வாசலில் வைத்து டெல்மர் அறிவித்தார். யாரும் சிரிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் அங்கே கூடுகிறவர்கள், பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து, ஹாட் ராட் என்கிற வேகக் கார்களாக மாற்றியே முடி நரைத்தவர்கள். இந்த மாதிரி விஷயங்களுக்கு அவர்கள் சிரிப்பதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷத்து ஃபோர்டுக்கு அடியில், குறுக்கே வில்லாக வளைந்த பட்டை ஸ்பிரிங்தான் இருக்க வேண்டும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் அது ஓட்டுகிறவனின் பல்லுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது கார் அல்ல, சோபா.

அந்தக் கும்பலில் பின்பக்கம் சுருள் போட்டுக்கொண்ட ஒரே ஆள் ராஸ்கோ. அவர் டோனட்டைக் காபியில் முக்கினார். "பல்லுக்கா? உனக்கு மேல் வரிசை கழட்டி மாட்டுறதாச்சேடா."

"கீழ் வரிசை என்னோடது," என்றார் டெல்மர் கண்ணியமாக. "நீ சோபாவுல போய் உக்காரு. அப்படியே ஒரு தலகாணியும் வாங்கிக்கோ."

வீட்டு ஷெட்டில் டெல்மரின் கார் வெறும் சேஸாக, எலும்புக்கூடாகக் கிடந்தது. பின்பக்கப் பட்டையில் விரிசல். மே மாதம் பாலைவனத்தில், வறண்ட ஏரியில் நடக்கும் ஹாட் ராட் கூட்டத்துக்கு முன்னால் ஏதாவது மாட்டியாக வேண்டும்.

ஒன்பது வருஷமாக அந்தக் கூட்டத்துக்கு அவரும் மனைவி நோரீனும் இரண்டு கார்களில்தான் போய்வந்தார்கள். முன்னால் இவர், பின்னால் ஐஸ் பெட்டியோடு அவள். இவருடைய பக்கத்து சீட்டில் டூல் பெட்டி, பெல்ட் போட்டுக்கொண்டு. பெட்ரோல் பங்க்குகளில்தான் பேச்சு. "வலது டயர் ஆடுது பாரு," என்பாள். மற்ற நேரமெல்லாம் கண்ணாடியில் அவள் காரின் விளக்குகள் தெரியும். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. பிப்ரவரியில் பார்வை மங்கிவிட்டதென்று அவளுடைய லைசென்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவள் கார் அக்கா மகளுக்குப் போயிற்று.

நோரீன் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். "மே மாசம் நீ மட்டும் போயிட்டு வா."

"என்கூட வாயேன்."

"அதுலயா? கடைசியா அதுல வந்து இறங்குனப்போ முதுகு பிடிச்சு நாலு நாள் தரையில கிடந்தேன். நீ குனிஞ்சு பாத்து, 'அரை இஞ்ச் ஸ்பேனரைப் பாத்தியா'ன்னு கேட்டே."

"உன் முதுகுக்கு அடியிலதான் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு நாள்தானே, டெல்மர். போயிட்டு வா." குறையே இல்லாத குரல். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அடுத்த மூன்று நாள் பட்டையோடு போனது. அதில் அடுக்கியிருந்த தகடுகளில் இரண்டைக் கழற்றினால் மெத்தென்று ஆனது, ஆனால் சேஸ் சக்கர அச்சின் மேல் போய் உட்கார்ந்தது. ஒன்றைத் திரும்பப் போட்டால் மறுபடியும் கல் மாதிரி. கழற்றினார், போட்டார். நாலாம் நாள் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, பீன்ஸைத் தின்றபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டோனட் கடைக் கூட்டாளிகள் யாரும் வெளியே வராத புதன்கிழமையாகப் பார்த்து ராஸ்கோ வீட்டுக்குப் போனார்.

"அந்தச் சுருளை எத்தனை டிகிரி சாய்ச்சு மாட்டுனே?"

"யாருக்கு?"

"ஒருத்தன் கேட்டான்."

ராஸ்கோ சிரித்துத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரிக்காமல் வாசல் படியில் மெல்ல உட்கார்ந்தார். "அவன் சம்சாரம் எவ்வளவு எடை?"

"நூத்தி முப்பது பவுண்டு."

"இருபது டிகிரின்னு சொல்லு அவன்கிட்ட."

ஏப்ரல் கடைசியில் கார் சக்கரத்தில் நின்றது. முன்பக்கம் பழைய பட்டை, எல்லோரும் பார்க்கிற இடத்தில் பளபளவென்று. பின்பக்கத்துக்கு அடியில் டெல்மர் மல்லாந்து கிடந்தார். புதுச் சுருள், சனிக்கிழமைக் கும்பலில் எவன் குனிந்தாலும் கண்ணில் படும்படி, வெள்ளிபோல் மின்னியது. ஒரு டப்பா கழிவு எண்ணெயும் வாசல் மண்ணும் பக்கத்தில். விரலில் தொட்டுத் தொட்டு, ஒரு வளையம் விடாமல் பூசினார்.

நோரீன் காரின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். கதவு திறந்தது. டூல் பெட்டி இல்லாத சீட்டில் மெதுவாக உட்கார்ந்தாள்.

அவர் முகத்துக்கு மேலே சுருள் அரை விரல் இறங்கி, சத்தமே இல்லாமல் நின்றது.

"கீழ என்ன பண்றே?"

"துடைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, டெல்மர் இன்னொரு சிட்டிகை மண்ணை எடுத்தார்.